ஸ்கெட்ச்அப் துணையோடு மரவேலை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மரவேலைக்குப் புதிதாக வருகிறவர் வடிவமைப்புச் செயலி ஒன்றையும் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அதை எந்த விஷயத்தில் நம்பலாம், எந்த விஷயத்தில் நம்பக்கூடாது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் நிறையப் பலகை மிஞ்சும்.

நான் பயன்படுத்துவது ஸ்கெட்ச்அப், முப்பரிமாணத்தில் வரைய உதவும் செயலி. 2000இல் கட்டடக் கலைஞர்களை மனத்தில் வைத்து வெளிவந்த மென்பொருள். 2006இல் கூகுள் இதை வாங்கி இலவசப் பதிப்பு ஒன்றைக் கொடுத்ததும், சொந்தமாக அலமாரி செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். 2012 முதல் டிரிம்பிள் நிறுவனத்திடம் இருக்கிறது. உலாவியில் இயங்கும் இலவசப் பதிப்பு இப்போதும் உண்டு. முதல் ஸ்டூலுக்கும் முதல் அலமாரிக்கும் அது தாராளமாகப் போதும்.

இதில் கை பழகச் சிரமமே இல்லை. ஒரு செவ்வகம் வரைந்து 40,40 என்று தட்டி என்டர் அழுத்தினால் அந்த அளவில் வந்து நிற்கும். அதைப் பிடித்து மேலே இழுத்து 430 என்று தட்டினால் ஸ்டூலின் கால் தயார். இந்த வேகத்தில் பலரும் தாண்டிப் போகிற ஒரு வேலை இருக்கிறது: வரைந்த ஒவ்வொரு துண்டையும் அப்போதைக்கப்போதே காம்பொனென்டாக, அதாவது தனித்து நிற்கும் பாகமாக, மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டால், ஒன்றைத் தொட்டபடி இன்னொன்றை வரைந்த உடனே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காலை நகர்த்தினால் கால்களை இணைக்கும் சட்டமும் கூடவே இழுபட்டுக் கோணலாகும். காம்பொனென்டாக்கி நகலெடுத்தால் ஒரு காலில் செய்த திருத்தம் நான்கு கால்களிலும் தானாக வந்துவிடும். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் திருப்பி வைத்த கால்களிலும் அப்படியே.

இன்னொரு சின்ன விஷயம். அலகை மில்லிமீட்டரில், தசமம் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அளவைக் காட்டும்போது எண்ணுக்கு முன்னால் ~ என்று ஒரு நெளிகோடு வந்தால், உண்மையான நீளம் அந்த எண் இல்லை, பக்கத்து எண்ணுக்கு உருட்டிக் காட்டுகிறது என்று அர்த்தம். எங்கேயோ ஒரு விளிம்பு பொருந்தாமல் அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. அந்தக் குறியைப் பார்த்ததும் தேடிச் சரிசெய்துவிடுவது நல்லது, இல்லையென்றால் அந்தப் பிசகு அடுத்தடுத்த துண்டுகளுக்கும் பரவும்.

செயலி உண்மையிலேயே தன் மதிப்பைக் காட்டியது மூட்டுகளில்தான். ஸ்டூல் காலை எடுத்துக்கொள்வோம். 40 மில்லிமீட்டர் சதுரக் கால். அதன் பக்கத்துப் பக்கத்து முகங்களில், ஒரே உயரத்தில், இரண்டு சட்டங்கள் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு சட்டத்தின் முனையிலும் ஒரு நாக்கு, காலில் அதற்கான துளை. தாளில் வரைந்தபோது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. திரையில், பாகங்களின் உள்ளே தெரியும்படி காட்டும் எக்ஸ்ரே பார்வையைப் போட்டதும் காலுக்குள் இரண்டு நாக்கும் குறுக்கே மோதிக்கொண்டு நின்றன. இரண்டும் நடுவில் வைத்த நாக்குகள், ஒவ்வொன்றும் 25 மில்லிமீட்டர் நீளம். மோதாமல் எப்படி இருக்கும்? தச்சர்கள் இதற்குக் காலங்காலமாக வைத்திருக்கும் வழி, இரண்டு நாக்கின் முனைகளையும் 45 பாகையில் சாய்த்து வெட்டி உள்ளே சந்திக்க வைப்பது. கூடவே துளைகளைக் காலின் வெளிப்பக்கம் கொஞ்சம் தள்ளினால் நாக்குக்கு இன்னும் சற்று நீளம் கிடைக்கிறது, பசை பிடிக்க இடமும் கூடுகிறது. இதைப் புத்தகத்தில் படித்தபோது தலையாட்டிவிட்டுப் போயிருந்தேன். துளையை நகர்த்தி நகர்த்தி உள்ளே பார்த்தபோதுதான் ஏன் என்று புரிந்தது. இதற்காக மட்டுமே இந்தச் செயலியைச் சிபாரிசு செய்வேன்.

அதே மாதிரி, எந்த வரிசையில் பூட்டுவது என்பதையும் திரையிலேயே ஒத்திகை பார்க்கலாம். பாகங்களை ஒவ்வொன்றாக, நிஜத்தில் எந்தத் திசையில் நுழையுமோ அந்தத் திசையிலேயே நகர்த்திச் சேர்த்துப் பாருங்கள். கடைசிச் சட்டம் நுழைய வழியே இல்லை என்பது, பசை தடவி கிளாம்பைக் கையில் பிடித்திருக்கும்போது தெரிவதைவிட இப்போதே தெரிவது எவ்வளவோ மேல்.

சரி, எங்கே நம்பக்கூடாது? பலகையின் கனத்தில். 18 என்று விற்கும் பிளைவுட் அளந்து பார்த்தால் 17.5க்குக் கீழேகூட இருக்கும். அலமாரியின் வெளி அகலத்தை மாற்றாமல் இரண்டு பக்கமும் அந்தப் பலகையைப் போட்டால் உள் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும். பக்கவாட்டில் பொருத்தும் சாதாரண இழுப்பறைத் தடங்களுக்குப் பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், அவை அதிகம் விட்டுக்கொடுக்காது. இழுப்பறை தளர்ந்து ஆடும், அல்லது தடத்துக்குப் பின்னால் அட்டை செருக வேண்டி வரும். ஆகவே முதலில் பலகை, அடுத்து அதன் கனத்தை அளக்கும் காலிப்பர், அதற்கப்புறம்தான் வரைபடம்.

ரம்பம் தின்னும் மரமும் திரையில் தெரியாது. மேசை ரம்பத்தின் வட்டத் தகடு ஒவ்வொரு வெட்டுக்கும் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டரை மரத்தூளாக்கிவிடும். 2440 மில்லிமீட்டர் நீளப் பலகையில் 610 வீதம் நான்கு துண்டு கணக்கில் வரும், கையில் வராது. ஓப்பன்கட்லிஸ்ட் என்ற இலவச நீட்சி (செயலியோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவி) இந்த இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, பலகையில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று படம் போட்டே கொடுக்கும். ஆனால் அது கணினியில் நிறுவும் பதிப்பில்தான் இயங்கும், இலவச உலாவிப் பதிப்பில் நீட்சிகளுக்கு இடமில்லை. புதியவர் வெட்டுப் பட்டியலைக் கையால் எழுதுவதே நல்லது என்பது என் கட்சி. ஒவ்வொரு துண்டையும் பெயர் சொல்லி எழுதும்போது முழு வேலையும் ஒருமுறை மனத்தில் ஓடிவிடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், மரம் அசையும் என்பது இந்தச் செயலிக்குத் தெரியாது. காற்றில் ஈரம் கூடினால் பலகை அகலத்தில் விரியும், குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் அனேகமாக இருக்காது. குறுக்கே மட்டும்தான், அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் வரும் சுருக்கம் வளையங்களுக்குக் குறுக்கே வருவதைப்போலத் தோராயமாக இரண்டு மடங்கு. 600 மில்லிமீட்டர் அகல மேசைப் பலகை பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் கூடிக் குறைவது சாதாரணம். அதை நாலாபக்கமும் திருகால் இறுக்கினால் ஒருநாள் பலகை பிளக்கும், அல்லது சட்டத்தின் மூட்டு விட்டுப்போகும். நீள்துளை போட்டுத் திருகுவது, சட்டத்தின் காடியில் நகரும்படி மரக்கட்டைகளைச் செருகிப் பிடிப்பது என்று இதற்கு வழிகள் இருக்கின்றன. திரையில் எல்லா வகைப் பொருத்தமும் ஒரே அழகில் இருப்பதால், இவற்றைச் செய்யச் சொல்லி யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. முதல் வேலையைப் பிளைவுட்டில் தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கைப்பழக்கம் தனிக்கதை. பென்சில் கோட்டுக்கும் கத்திக் கீறலுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தச் செயலியும் சொல்லித் தராது. கீறலில் உளியின் முனை தானாகப் போய் உட்காரும், பென்சில் கோட்டில் அது வழுக்கும். உளியை 25 பாகைக்குச் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30க்குத் தீட்டி வைத்தால் பாதிக் கஷ்டம் தீரும். இழைப்புளியால் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் நேராக்கி அடையாளம் போட்டுக்கொண்டு, மூலைமட்டத்தை எப்போதும் அவற்றின் மேலேயே வைத்து அளக்க வேண்டும்.

இப்போது நான் வரைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. வெளி அளவுகள், மூட்டுகள், இழுப்பறைகள், அவ்வளவுதான். கால்களும் பக்கச் சட்டங்களும் நின்றபிறகு, நடுத்தட்டின் அளவை வரைபடத்திலிருந்து எடுப்பதில்லை. பலகையையே இடைவெளியில் வைத்துக் கத்தியால் குறித்துக்கொள்கிறேன். திரையில் 412, நிஜத்தில் 411 என்றால் நிஜம் சொல்வதுதான் கணக்கு.

மாற்று தேடுகிறவர்களுக்கு ஃப்ரீகேட் இருக்கிறது, முழுக்க இலவசம், 2024இல் 1.0 பதிப்பு வந்தது. பலகையின் கனத்தை ஒரு மாறியாக வைத்துக்கொண்டால் அதை மாற்றியதும் மொத்த அலமாரியும் சேர்ந்து மாறும்படி அதில் செய்யலாம். ஒரே அலமாரியைப் பல அளவுகளில் செய்கிறவர்களுக்கு ஏற்றது. பழக அதிகப் பொறுமை வேண்டும், மரத்தையே இன்னும் தொடாதவருக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

இலவச ஸ்கெட்ச்அப்பில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அது இணைய இணைப்போடுதான் திறக்கும். பட்டறையில் இணைப்பு கிடைக்காது என்றால், மூன்று பக்கத் தோற்றத்தையும் எக்ஸ்ரே படம் ஒன்றையும் அளவுகளோடு அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். தூசி படிந்த கையால் போனைத் தொடும் வேலையும் மிச்சம்.