கிளாஸ் வீடியோவை எங்க போடுறது: யூடியூபா, டிரைவா, வாட்ஸ்அப்பா?

பாடத்தை வீடியோவா எடுத்து பசங்களுக்குக் குடுக்கலாம்னு யோசிக்கிற டீச்சர்ஸ் பெரும்பாலும் எது ஈஸின்னுதான் முதல்ல கேக்குறாங்க. என்னைக் கேட்டா அந்த வீடியோல யாரு இருக்காங்கன்னுதான் முதல்ல பாக்கணும். நீங்க போர்டுல பின்னக் கணக்கு போடுறதும், பசங்க முகம் தெரிய நாடகம் போடுறதும் ஒண்ணு இல்ல, ரெண்டையும் ஒரே இடத்துல போடவே கூடாது.

நீங்க மட்டும் இருக்கிற பாட வீடியோன்னா யூடியூப்தான், யோசிக்கவே வேண்டாம். நெட் ஸ்லோவா இருந்தா அதுவே குவாலிட்டிய குறைச்சுக்கிட்டு ஓடும், பழைய போன்லயும் ஓடும், புரியாத பிள்ளை அந்த வகுத்தல் ஸ்டெப்ப மட்டும் வேகத்த பாதியாக்கி எத்தனை தடவ வேணா பாக்கலாம், கிளாஸ்ல கைதூக்கிக் கேக்க கூச்சப்படுற பிள்ளைக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்! வெரிஃபை பண்ணாத அக்கவுண்ட்ல 15 நிமிஷம் வரைக்கும்தான் போடலாம், போன் நம்பர் குடுத்து வெரிஃபை பண்ணிட்டா 12 மணி நேரம் வரைக்கும் விடுவாங்க, ஆனா ஒரு பாடத்துக்கு 15 நிமிஷமே ஜாஸ்தி.

சிக்கல் பிரைவசில வருது. பப்ளிக், அன்லிஸ்டட், பிரைவேட்னு மூணு இருக்கு. நிறைய பேரு அன்லிஸ்டட்னா பத்திரம்னு நம்பிடுறாங்க, அது சர்ச்சுல வராது அவ்ளோதான், லிங்க் கையில இருக்கிற யாரும் பாக்கலாம், யாருக்கு வேணா ஃபார்வர்டும் பண்ணலாம், யாராவது தன்னோட பப்ளிக் பிளேலிஸ்ட்ல சேத்துட்டா வெளியவும் தெரிஞ்சிடும். 2017-க்கு முன்னாடி போட்ட அன்லிஸ்டட் வீடியோவ, போட்டவங்க வேண்டாம்னு சொல்லாத வரைக்கும், 2021 ஜூலைல யூடியூபே பிரைவேட்டா மாத்துச்சு, பழைய லிங்க் கண்டுபிடிக்கிறதுக்கு சுலபமா இருந்துச்சுங்கிறதுதான் காரணம். பிரைவேட்ல போடலாமேன்னா பாக்குற ஒவ்வொருத்தருக்கும் கூகுள் அக்கவுண்ட் வேணும், சின்னப் பிள்ளைங்களுக்கு அது எங்க இருக்கும்? அப்புறம் நீங்க சேனல்ல காசு பாக்கலைன்னாலும் யூடியூப் விளம்பரம் போட அதோட விதில இடம் இருக்கு. குழந்தைங்களுக்கான வீடியோன்னு குறிச்சா கமெண்ட் தானா ஆஃப் ஆயிடும், அது நல்லதுதான்.

பசங்க முகம், பேரு, குரல் இருந்தா கூகுள் டிரைவ். ஸ்கூல் அக்கவுண்ட்ல இருந்தா இன்னும் நல்லது. ஷேர் பண்றப்ப பெற்றோரோட மெயில் மாதிரி குறிப்பிட்ட மெயிலுக்கு மட்டும்னு வைங்க, லிங்க் இருக்கிற எல்லாருக்கும்னு வச்சீங்கன்னா அது அன்லிஸ்டட் கதைதான். டவுன்லோட தடுக்குற ஆப்ஷனும் இருக்கு, ஆனா ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்றத யாராலயும் தடுக்க முடியாது, அதனால பெற்றோர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்காம எடுக்கவே எடுக்காதீங்க. பெரிய வீடியோ ஏத்தின உடனே ஓடாது, கொஞ்ச நேரம் பிராசஸ் ஆகும், முதல் நாள் சாயங்காலமே ஏத்திடுங்க. ஃப்ரீ அக்கவுண்ட்ல 15 ஜிபிதான், அதுல ஜிமெயிலும் போட்டோஸும் சேத்தி, ரொம்பிடுச்சுன்னா மெயில் வர்றதும் நின்னுடும்.

வாட்ஸ்அப் எனக்குப் பிடிக்கல. சாதாரணமா அனுப்பினா வீடியோவ நசுக்கிடும், போர்டுல எழுதினது மங்கலாயிடும். டாக்குமெண்டா அனுப்பினா 2 ஜிபி வரைக்கும் அப்படியே போகும், ஆனா எல்லார் போனும் ரொம்பும், ரெண்டு மூணு நாள் தாண்டிட்டா எல்லாருக்கும் டெலிட் பண்ணவும் முடியாது. அவசரத்துக்கு ஒரு நிமிஷ வீடியோன்னா ஓகே.

அடுத்தவங்க வீடியோவ கிளாஸ்ல காட்டுறப்ப யூடியூப் பக்கத்த அப்படியே ப்ரொஜெக்டர்ல திறக்காதீங்க, பக்கத்துல என்ன வீடியோ வரும்னு நம்ம கையில இல்ல. கூகுள் ஸ்லைட்ஸ்ல இன்சர்ட் பண்ணி எங்க ஆரம்பிக்கணும் எங்க நிக்கணும்னு நேரத்த குடுத்துடுங்க, எரிமலை வெடிக்கிற அந்த 40 செகண்ட் மட்டும் ஓடும். எட்பசில்னு டீச்சர்ஸுக்கான ஒரு வெப்சைட் இருக்கு, அதுல போட்டா நடுவுல நிறுத்தி கேள்வி கேக்கும், யாரு எது வரைக்கும் பாத்தாங்கன்னும் தெரியும், வீட்டுப்பாடத்துக்கு அருமை.

எதுல போட்டாலும் ஒரிஜினல் ஃபைல ஹார்ட் டிஸ்க்ல வச்சுக்கோங்க. பசங்க வீடியோவுக்குன்னே இருந்த ஃப்லிப்ப மைக்ரோசாஃப்ட் 2018-ல வாங்கி 2024 ஜூலைல தனி ஆப்பா இல்லாம நிறுத்திட்டு டீம்ஸுக்குள்ள கொண்டு போயிட்டாங்க, அத நம்பி இருந்த டீச்சர்ஸ் வேற இடம் தேட வேண்டியதாச்சு.