அவிடா-எட்: ஒரு பாடவேளைக்குள் பரிணாமத்தைப் பார்த்துவிட முடியுமா?

"பரிணாமம் நடந்ததை யார் பார்த்தார்கள்?" பத்தாம் வகுப்போ கல்லூரி முதலாண்டோ, இந்தக் கேள்வி வருடம் தவறாமல் வரும். கேட்கும் பிள்ளைமேல் தப்பில்லை. நாம் காட்டுவதெல்லாம் புதைபடிவமும் குருவி அலகின் படமும்தான்; இரண்டுமே முடிந்துபோன கதை. இன்றைக்கு நடப்பதற்கும் சான்று உண்டு. உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-ல் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை வைத்துத் தொடங்கிய சோதனையில் 12 குடுவைகள், நாளுக்குச் சுமார் 6.6 தலைமுறைகள். அவற்றில் ஒரே ஒரு குடுவையில், 31,500-ஆவது தலைமுறை வாக்கில், ஆக்சிஜன் உள்ள நிலையிலேயே சிட்ரேட்டைத் தின்னும் வகை தோன்றியது; சாதாரண ஈ.கோலையால் அது முடியாது. ஆனால் அதற்குப் பல வருடக் காத்திருப்பு தேவைப்பட்டது. நம் கையில் இருப்பது 45 நிமிடம்.

அந்த 45 நிமிடத்துக்காகவே செய்ததுபோல் இருக்கிறது அவிடா-எட். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் தரும் இலவச மென்பொருள் இது. உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். இதன் தாய் மென்பொருளான அவிடா 1993-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் ஓடுகிறது. எட் என்பது அதே இயந்திரத்தின்மேல் வகுப்பறைக்கான முகப்பு. திரையில் கட்டம் போட்ட ஒரு பெட்ரி தட்டு. அதில் வாழ்பவை 'அவிடியன்கள்'. தன்னைத் தானே நகலெடுக்கும் குட்டி நிரல்கள் என்று சொன்னால் போதும்.

எல்லோரும் நேராகத் தட்டுக்குப் போய் ஓடவிடுகிறார்கள். புள்ளிகள் பெருகும், நிறம் மாறும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஒன்றும் புரியாது. முதலில் திறக்க வேண்டியது 'ஆர்கனிசம்' பக்கம். இடப்பக்கம் 'ஃப்ரீசர்' என்ற சேமிப்புப் பட்டியலில் இருக்கும் மூதாதையை இழுத்து அதில் போட்டால், அதன் மரபுத்தொகுதி 50 வண்ண வட்டங்களாக வளையமாக விரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு கட்டளை. மொத்தம் 26 வகைக் கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. கூர்ந்து பார்த்தால் ஒரே எழுத்து, 'சி', வரிசையாக 36 இடங்களில் உட்கார்ந்திருக்கும். அது எதுவுமே செய்யாத நிரப்பு. முன்னால் 5, பின்னால் 9 என மீதி 14 கட்டளைகள்தான் நகலெடுக்கும் வேலையைச் செய்கின்றன. பின்னால் உள்ள ஒன்பதில் ஓடுவதுதான் நகல் சுழற்சி. படிப்படியாக ஓடவிட்டால் ஒரு கட்டளையைப் படித்து, எழுதி, திரும்பிப் போய் அடுத்ததைப் படிப்பது தெரியும். பக்கத்தில் பிள்ளையின், அதாவது பிறக்கப்போகும் நகலின், வளையம் ஒவ்வொரு வட்டமாக வளரும். எழுதும்போது பிழை விழுந்தால் அந்த வட்டத்தைச் சுற்றித் தனிக் கோடு வரும். சடுதிமாற்றம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல படம் கரும்பலகையில் வராது.

இந்த 36-க்கு 14 கணக்கைப் பிடித்துக்கொண்டால் அடுத்து வரும் அமைப்புகள் எல்லாம் தானாகப் புரியும். இயல்பாக வரும் சடுதிமாற்ற வீதம், ஒவ்வொரு கட்டளைக்கும் 2 சதவீதம். 50 கட்டளைக்குச் சராசரியாகப் பிள்ளைக்கு ஒரு பிழை. ஏறக்குறைய 36 சதவீதப் பிள்ளைகள் பிழையே இல்லாமல் பிறக்கும். அத்தியாவசியமான அந்த 14-ம் தப்பித்து, பெருகக் கூடியவையாகப் பிறப்பவை முக்கால்வாசி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'சீக்கிரம் பரிணாமம் நடக்கட்டுமே' என்று வீதத்தை 10 சதவீதத்துக்கு ஏற்றுபவர்கள் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அப்போது பிள்ளைக்குச் சராசரி 5 பிழை. 14-ம் தப்பிப் பிறப்பவை நான்கில் ஒன்றுகூட இல்லை; பிழையே இல்லாதவை இருநூற்றில் ஒன்று. தட்டு மெதுவாக நிரம்பும், வரைபடம் தரையிலேயே கிடக்கும். கிடைத்த நல்ல மாற்றம் அடுத்த நகலிலேயே அழிந்துவிடுகிறது. இதைத் தடுக்க வேண்டாம். ஒரு குழுவிடம் வேண்டுமென்றே கொடுங்கள். சுழியத்தில் வைத்தால் எல்லாம் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும், அதையும் ஒரு குழு பார்க்கட்டும்.

இனி, இந்த மென்பொருளை வைத்துச் செய்யக்கூடியதில் ஆகச்சிறந்த சோதனை. தேவை வந்ததால் மாற்றம் வந்ததா, மாற்றம் தற்செயலாக வந்து தேவை அதைப் பிடித்துக்கொண்டதா? பாக்டீரியாவில் இதை லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943-ல் தீர்த்துவைத்தார்கள்; அதன் தம்பி இது. தட்டின் அமைப்புப் பக்கத்தில் அளவை 30-க்கு 30, அதாவது 900 கட்டம் என்று வையுங்கள். சடுதிமாற்றம் 2 சதவீதம். வளங்கள் பட்டியலில் ஒன்பது 'சர்க்கரை' இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தர்க்கச் செயலுக்கான பரிசு. நாட்டோஸ் இருந்தால் 'நாட்' (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றுவது) செய்யத் தெரிந்த அவிடியனுக்குக் கூடுதல் சக்தி, நானோஸ் இருந்தால் 'நான்ட்' என்ற செயலுக்கு, இப்படி. பாதி வகுப்பு ஒன்பதையும் அணைத்துவிடட்டும். மறுபாதி நாட்டோஸை மட்டும் விடட்டும். ஓடவிட்டு, வலப்பக்கப் பட்டியலில் 'நாட்' என்பதன் எண்ணிக்கை சுழியத்திலிருந்து நகரும் கணத்தில் நிறுத்தி, எத்தனையாவது அப்டேட் (இந்த மென்பொருளின் கால அலகு) என்று குறிக்க வேண்டும். பிறகு அதே ஓட்டத்தைத் தொடர்ந்து விட்டு, இன்னும் 100, 300, 500 அப்டேட் கழித்து எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது ஐந்து ஓட்டம்.

சர்க்கரை இல்லாத தட்டிலும் 'நாட்' தோன்றும். பிள்ளைகள் அசந்துபோவது இங்கேதான். முதல் தோற்றத்தின் அப்டேட் எண்கள் இரண்டு பக்கமும் சிதறியே கிடக்கும். கூட்டிப் பார்த்தால் சர்க்கரை இருந்ததால் முன்கூட்டி வந்தது என்று சொல்ல இடமிருக்காது. வித்தியாசம் அதன்பிறகுதான். சர்க்கரை இல்லாத தட்டில் அந்த ஒன்றிரண்டு புள்ளிகள் தத்தளித்துப் பெரும்பாலும் மறைந்துபோகும். இருக்கும் தட்டில் மளமளவென்று பரவும். இதை ஒரே ஒரு ஓட்டத்தோடு நிறுத்தினால் கதை கெட்டது. ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டு 'சர்க்கரைதான் வரவழைத்தது' என்றோ 'சர்க்கரையால் தாமதம்' என்றோ எழுதிவைப்பார்கள். இருபது கணினி இருந்தால் இருபது மறுசோதனை. எல்லா எண்ணையும் பலகையில் ஒன்றாக எழுதுங்கள்.

இதைக் கெடுக்கும் பொத்தான் ஒன்று உண்டு. 'டெமோ' முறை, 'எக்ஸ்பெரிமென்டல்' முறை என்று இரண்டு. டெமோவில் தற்செயல் எண் வரிசை நிலையாக இருக்கும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே முடிவு. பாடம் நடத்துபவர் ஒத்திகை பார்க்க நல்லது. வகுப்பில் மறந்து அதையே விட்டுவிட்டால் எல்லாத் திரையிலும் ஒரே கோடு வரும், 'முடிவு முன்பே எழுதியாச்சு' என்று பின்வரிசை சொல்லும். அவர்கள் சொல்வதும் சரிதான்!

சேமிப்பு இன்னொரு தலைவலி. நீங்கள் ஃப்ரீசரில் போடுவதெல்லாம் உலாவியின் அந்த டேபோடு சரி. மூடினால் போயிற்று. ஒர்க்ஸ்பேஸைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்வதை ஓட்டத்துக்கு முன்பே பழக்குங்கள். மின்வெட்டு உள்ள ஊரில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். வரைபட எண்களைத் தனியாக ஏற்றுமதி செய்து விரிதாளில் திறக்கலாம்.

இப்போது சண்டைக்கு வருவோம். 'கணினியில் நடந்தது பரிணாமமா? நிரலை எழுதியவன் ஒருவன் இருக்கிறானே' என்பது எதிர்வாதம். இதைத் தள்ளிவிடாமல் இரண்டாகப் பிரிக்க வேண்டும். உலகத்தையும் பரிசையும் மூதாதையையும் மனிதர்தான் எழுதினார்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆகவே உயிரின் தோற்றம் பற்றி இந்த மென்பொருள் வாய் திறக்காது; திறந்ததாகக் காட்டுவது ஏமாற்று. ஆனால் 'நாட்' செய்வது எப்படி என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நகல், பிழை, போட்டி மூன்றும் உண்மையாகவே அங்கே நடக்கின்றன. குதிரை பொம்மை குதிரையல்ல. ஆனால் கணினி போடும் கூட்டல் உண்மையான கூட்டல்தானே, அந்த மாதிரி.

லென்ஸ்கி, ஓஃப்ரியா, பென்னாக், அடாமி ஆகிய நால்வரும் 2003-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட அவிடா ஆய்வு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஒன்பது தர்க்கச் செயல்களில் ஆகக் கடினமானது 'இக்யூ', அதாவது இரண்டு உள்ளீடுகளும் ஒன்றா என்று பார்ப்பது. அதைச் செய்யக் கையால் எழுதிய மிகச் சிறிய நிரலுக்கே 19 கட்டளை வேண்டும். எளிய செயல்களுக்கும் பரிசு இருந்த 50 கூட்டங்களில் 23 'இக்யூ'வை எட்டின. இக்யூவுக்கு மட்டும் பரிசு, மற்ற எதற்கும் இல்லை என்று வைத்த 50-ல் ஒன்றுகூட எட்டவில்லை. படிக்கட்டு இல்லாமல் மாடி இல்லை என்பதைப் பரிணாமத்தை ஆதரித்தவர்களே அளந்து காட்டியது எனக்கு இதில் பிடித்த விஷயம். வகுப்பில் இதையே சிறிய அளவில் செய்யலாம்: ஒரு குழு இக்யூவோஸை மட்டும் விடட்டும், இன்னொன்று ஒன்பதையும். ஆனால் ஒரு பாடவேளையில் இக்யூ வந்தே தீரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அங்கே 3,600 கட்டங்கள், மிக நீண்ட ஓட்டம், நீளம் கூடிக் குறையக்கூடிய மரபுத்தொகுதி. வகுப்புப் பதிப்பில் மரபுத்தொகுதி 50-லேயே நிற்கிறது. எழுத்து மாறுமே தவிர சேர்வதோ கழிவதோ இல்லை. பால் இனப்பெருக்கமும் இல்லை.

மரபு நகர்வை, அதாவது தேர்வு இல்லாமல் வெறும் தற்செயலாலேயே ஒரு வம்சம் கூடுவதையோ குறைவதையோ, காட்டவும் வழி உண்டு. தட்டைச் சிறிதாக்கி, 10-க்கு 10 வைத்து, ஒரே மூதாதையை இருமுறை இழுத்துப் போட்டு, சடுதிமாற்றத்தைச் சுழியமாக்கி, மூதாதை வாரியாக நிறம் கேளுங்கள். இரண்டும் ஒன்றேயானாலும் ஒரு வம்சம் தட்டை விழுங்கும்.

குறைகளும் உண்டு. முகப்பு முழுக்க ஆங்கிலம். தமிழ்வழி வகுப்புக்கு ஒரு பக்கச் சொல்லட்டை தயாரித்துக் கொடுத்தே ஆக வேண்டும். ஓர்னோஸ், ஓரோஸ், நோரோஸ் என்று பெயர்கள் காதைக் குழப்பும். தவறான பெட்டியை அணைத்துவிட்டு அரைமணி நேரம் வீணாவது சகஜம். தகுதிக்கான நிறத்தை நம்பிப் படிக்காதீர்கள், புள்ளியைச் சொடுக்கி எண்ணைப் பாருங்கள். எல்லாமே இழுத்துப் போடும் வேலை என்பதால் கைபேசித் திரை சரிப்படாது. 'ஆஃப்ஸ்ப்ரிங் காஸ்ட்' என்பதைப் பிள்ளைகள் பணச் செலவாகவே புரிந்துகொள்கிறார்கள்; ஒரு பிள்ளையை நகலெடுத்து முடிக்க ஓட வேண்டிய கட்டளைகளின் எண்ணிக்கை அது, மூதாதைக்கு ஏறக்குறைய 190. தட்டில் அது குறைந்துகொண்டே வருவதும் ஒருவகைத் தகவமைப்புதான். பரிசே இல்லாத ஓட்டத்தில்கூட நடக்கும்.

என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீங்கியிருக்கும் இந்த நேரத்தில், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் அது இருப்பது நம் வசதி. பத்தாம் வகுப்புக்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள்: முதலாவது ஆர்கனிசம் பக்கமும் கையால் எண்ணுவதும் மட்டும், இரண்டாவது நாட்டோஸ் சோதனை. இளநிலை உயிரியலுக்கு இக்யூ ஓட்டமும் மரபு நகர்வும் சேர்த்து நான்கு. கணினி இல்லாத பள்ளியென்றால் ஒரே மடிக்கணினியும் புரொஜெக்டரும் போதும். ஐந்து ஓட்டத்தை முன்நாளே ஓட்டி எண்களை எழுதிக்கொண்டு, ஆறாவதை மட்டும் வகுப்பில் ஓட்டுங்கள்.