10, 40, 25 கிகாபிட்: என் வீட்டு லேபில் ஓடிய மூன்று தலைமுறைக் கார்டுகள்

பழைய சர்வர்களில் இருந்து கழற்றிய 40 கிகாபிட் நெட்வொர்க் கார்டு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அதே ஆசையில் மூன்று தலைமுறைக் கார்டுகளையும் வாங்கிச் சூடுபட்டவன் என்பதால், பதில் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிட்டது.

சூடு என்பதை இங்கே நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். சர்வருக்கென்று செய்த கார்டுகளில் ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டு, மட்டுமே இருக்கும். பெட்டியின் முகப்பிலுள்ள விசிறிகள் இடைவிடாமல் காற்றைத் தள்ளும் என்ற நம்பிக்கையில் வடிவமைத்தவை அவை. வீட்டு டவர் கேஸில் அந்தக் காற்று இல்லாததால், இரவு பேக்கப் ஓடத் தொடங்கி அரை மணி நேரத்தில் என் 40 கிகாபிட் கார்டின் இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஹீட்சிங்கின் மேல் 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை ஜிப் டையால் கட்டினேன். இணைப்பு நிலைத்தது, தூக்கம் போனது. அந்த விசிறியைத்தான் இப்போது இரண்டாம் முறையாக மாற்றியிருக்கிறேன்.

இத்தனைக்கும் 40 கிகாபிட் வேகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. கார்டைச் செருகிய, பார்வைக்கு 16 தரவுத் தடங்கள் கொண்டதாகத் தெரிந்த ஸ்லாட்டில் உண்மையில் நான்கு தடங்களே இணைக்கப்பட்டிருந்தன. கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ முறையின் மூன்றாம் தலைமுறையில் அதன் உச்சவரம்பே ஏறத்தாழ 31 கிகாபிட்தான். இது கார்டின் குற்றமன்று, மதர்போர்டின் கையேட்டைப் படிக்காத என் குற்றம்.

40 கிகாபிட் தரநிலை 2010-இலும் 25 கிகாபிட் தரநிலை 2016-இலும் வந்தவை. முன்னது நான்கு 10 கிகாபிட் தடங்களைச் சேர்த்துக் கட்டியது; பின்னதோ ஒரே தடத்தில் 25-ஐக் கொண்டுபோகிறது, என் பழைய 10 கிகாபிட் டிஏசி கேபிளையும் (இரு முனையிலும் இணைப்பான் பொருத்தியே வரும் செப்புக் கேபிள்) அதே போர்ட்டில் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. முதல் நாள் கார்டிலும் சுவிட்சிலும் பிழைதிருத்த அமைப்பு, அதாவது எஃப்இசி, வெவ்வேறாக இருந்ததால் இணைப்பு விளக்கே எரியாமல் ஒரு மாலை வீணானது. இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு இரண்டு ஆண்டுகளாக அதைத் திரும்பிப் பார்க்க நேர்ந்ததில்லை.

ஆகவே மூன்றில் சிறந்தது 25 என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தும் நண்பரிடம் 10 கிகாபிட் கார்டு இரண்டும் ஒரு டிஏசி கேபிளும் வாங்கச் சொன்னேன். அவருடைய சாட்டா வன்தட்டுகளுக்கு அதுவே மிகுதி. சாதாரண நெட்வொர்க் கேபிளைச் செருகுவதற்கான ஆர்ஜே45 மாட்யூலை மட்டும் தொடவேண்டாம் என்றேன், ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் சூட்டில் அதை விரலால் பிடித்து உருவவே முடியாது. என்னுடைய 25-ஐக் கழற்றும் எண்ணம் எனக்கில்லை.