பாறைக் கரையா, கடல் பாலமா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு ரீயூனியன். அங்கே சென் தெனியிலிருந்து லா பொசெசியோன் போகும் பழைய கடலோரச் சாலையில் பஸ்ஸின் மலைப்பக்கம் உட்கார்ந்தால், கண்ணாடிக்கு வெளியே செங்குத்துப் பாறையும் அதை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிவலையும்தான். கனமழை பிடித்தால் பாறை சரியும் என்று மலையோரத் தடங்களை மூடிவிடுவார்கள். அதற்கு மாற்றாகப் புதிய சாலையை ஒரு பகுதி கடல் பாலமாகவும் மற்றது கடலுக்குள் பாறை கொட்டி எழுப்பும் கரையாகவும் திட்டமிட்டார்கள்.

காகிதத்தில் கரைதான் எளிது. எரிமலைத் தீவில் கல்லுக்கா பஞ்சம் என்று நானும் நினைத்தேன். ஆனால் வேண்டியது பெரிய பெரிய பாறைகள். அவற்றுக்குக் குவாரி வேண்டும். சென் லெ பக்கத்துப் புவா பிளான் குவாரியை ஊரார் எதிர்த்தார்கள். விவகாரம் நீதிமன்றம் ஏறியது. எங்கிருந்து கல் வரும் என்று உறுதியாகுமுன்பே ஒப்பந்தம் போட்டால் இப்படித்தான்.

5.4 கிலோமீட்டர் பாலம் வேறு ரகம். லெ போர் என்ற துறைமுக ஊரில் வார்த்த தூண்களை எட்டுக் கால் மிதவை சுமந்துபோய்க் கடலில் நட்டது. அதன் பெயர் ஜூரித்; தீவின் கிரியோல் மொழியில் ஆக்டோபஸ். பொருத்தமான பெயர். 2022இல் பாலத்தில் வண்டி ஓடியது.

மலிவென்று சொல்ல முடியாது: 166 கோடி யூரோ என்று தொடங்கிய கணக்கு 200 கோடியைத் தாண்டிவிட்டது. இருந்தும் கரையாகக் கட்டவிருந்த மிச்சத் துண்டுக்கும் இப்போது பாலத்தைத்தான் தேர்ந்திருக்கிறார்கள்.