கவுன்ட்டர்ல ஆளே இல்லாத பர்கர் கடை
நேத்து ஒரு பர்கர் கடைக்குப் போனேன், கவுன்ட்டர்ல ஆளே இல்ல, நாலு பெரிய டச் ஸ்கிரீன் மட்டும் நிக்குது. ஆர்டர் சரியா வந்துச்சு, வெங்காயம் வேணாம்னு அழுத்துனேன், வெங்காயம் இல்லாமத்தான் குடுத்தாங்க, அதுல குறையே இல்ல. ஆனா எனக்கு முன்னாடி ஒரு பாட்டி கையில ரூபா நோட்டோட நிக்கிறாங்க, மெஷின் கார்டு மட்டும்தான் எடுக்குமாம், அவங்க ஒவ்வொண்ணா படிச்சு அழுத்துறதுக்குள்ள ஸ்கிரீன் திரும்ப முதல் பக்கத்துக்கே போயிடுது, கடைசில நான்தான் போட்டுக் குடுத்தேன், மனசுக்கு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. உள்ள மொத்தமே ரெண்டு பேர், பாக்கெட் போடுறதும் அவங்கதான் தரை தொடைக்கிறதும் அவங்கதான், பாவம் நிமிரவே நேரமில்ல.

மெக்டொனால்ட்ஸே ஐபிஎம்ங்கிற கம்ப்யூட்டர் கம்பெனியோட சேந்து, கார்ல உக்காந்தபடியே வாங்கிட்டுப் போற டிரைவ் த்ரூல ஏஐ குரல வச்சு ஆர்டர் எடுத்துப் பாத்துட்டு 2024ல நிறுத்திட்டாங்க. 2018ல கலிஃபோர்னியாவுல பர்கர் திருப்ப ஃப்ளிப்பின்னு ஒரு ரோபோ வந்துச்சு, அதோட வேகத்துக்கு கூட இருந்த ஆளுங்களால ஈடு குடுக்க முடியலன்னு உடனே நிறுத்தி வச்சாங்க. மெஷின் வந்தாலும் பக்கத்துல ஆள் வேணும்ல?

ருசிக்கு நாலு ஸ்டார், சர்வீஸுக்கு ரெண்டு. தயவுசெஞ்சு ஒரு கவுன்ட்டர்லயாவது ஆள போடுங்க, கைக்காசும் வாங்குங்க.