வில்லங்கம் பார்க்கும் இணையதளம்: செட்டிநாட்டு வீடு வாங்குவோருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் (ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல்) பார்க்கக் காசு கிடையாது. கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ பழைய வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம், தங்கும் விடுதியாக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர் முதலில் திறக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் அதில் வரும் தாளை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது.

'மின்னணு சேவைகள்' பகுதிக்குள் போய் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தேதிகள், புல எண் (சர்வே எண்), உட்பிரிவு என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். புதியவர்கள் மாவட்டத்திலேயே வழுக்குகிறார்கள். இங்கே கேட்பது பதிவு மாவட்டம். வருவாய்க் கணக்கில் சிவகங்கை மாவட்டமாக இருந்தாலும் காரைக்குடி தனிப் பதிவு மாவட்டம். ராயவரம், ராமச்சந்திரபுரம் பக்கம் வீடு என்றால் அது புதுக்கோட்டைக் கணக்கு.

அடுத்த சிக்கல் புல எண். ஊருக்குள் இருக்கும் வீடுகளில் பல நத்தம் நிலத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில் நிற்பவை. நத்தம் அளவையில் புது எண் வந்திருக்கும், பழைய பத்திரத்திலோ பழைய எண்தான் இருக்கும். ஒன்றை மட்டும் போட்டுத் தேடினால் 'பதிவு ஏதும் இல்லை' என்று வந்து மனசைக் குளிர்விக்கும். அதனால் இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். உட்பிரிவு இல்லாமல் வெறும் புல எண்ணிலும் ஒரு தடவை தேடுங்கள். முன் வாசல் ஒரு தெருவிலும் பின் வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருக்கக்கூடும். பத்திரத்தில் சொல்லியிருக்கும் நான்கு எல்லைகளை வைத்துச் சரிபார்ப்பதே வழி.

தேடலும் பதிவிறக்கமும் சுலபம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. பதிவான பத்திரம் மட்டுமே வில்லங்கத்தில் ஏறும். செட்டிநாட்டு வீடுகளோ பெரும்பாலும் பத்திரத்தால் கைமாறியவை அல்ல, வாரிசு வழியில் இறங்கியவை. ஐயா கட்டிய வீடு மூன்று பிள்ளைகளுக்கு வந்து, அவர்களிடமிருந்து பேரன் பேத்திகளுக்குப் போயிருக்கும். வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றியுள்ள அறைகளை ஆளுக்கொன்றாகப் பூட்டி வைத்திருப்பார்கள். எழுதி வைத்த பாகப்பிரிவினை பதிவாகாமல் பெட்டிக்குள் கிடக்கும். இதில் ஒரு வரிகூடத் திரையில் வராது. பதிவாகாத உயில், நடக்கும் வழக்கு, உள்ளே குடியிருப்பவர் ஆகியவையும் வராது. இணையத்தில் கிடைக்கும் காலத்துக்கு முந்தைய பதிவுகளுக்கு மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். வீடு கட்டிய காலம் பெரும்பாலும் அதற்கும் முந்தையது.

எனவே வில்லங்கத்தோடு கூட, கட்டியவரில் தொடங்கி ஒரு வம்சாவளி போட்டு, இறந்த ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். பெண் பிள்ளைகளின் பெயர் விடுபட்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கட்டிக்கொடுத்துப் போன அத்தைமாரின் பங்கை 'அவுக கேக்க மாட்டாக' என்று தள்ளிவிடுவதே பின்னால் வழக்காகிறது.

'என் பங்கை மட்டும் விற்கிறேன், விலை சல்லிசு' என்று வருபவரிடம் இன்னும் கவனம் வேண்டும். சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவின்படி, பிரிவினையாகாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கும் வெளியாளுக்கு, மற்றவர்களோடு கூட்டாக அனுபவிக்கும் உரிமை கிடையாது. பாகம் கேட்டு வழக்குப் போடலாம். போட்டால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவைக் காட்டி, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குப் பங்காளி ஒருவரே உங்கள் பங்கை வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். சாவியும் கிடைக்காது, வாடகையும் வராது.

பங்குதாரர் எல்லோரும் ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுவதே நல்லது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று பணத்தை ஒதுக்குங்கள். மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர் அனுப்பும் பவர் பத்திரத்துக்கு (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்), அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் செல்லாது. அதனால் கிரயத்துக்கு முன் அவர் உயிரோடு இருப்பதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

முதல் சல்லடையாக இந்தத் தளத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஒரு செட்டிநாட்டு வீட்டின் உரிமையை உறுதிசெய்ய இதை மட்டும் நம்பினால் ஒன்றரைக்கு மேல் தேறாது. அட்வான்ஸ் கொடுக்கும் நாளன்றும், பதிவுக்கு முந்தின நாளன்றும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடையில் வேறொருவருக்கு ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் இதில்தான் தெரியும்.