நூறு கிராம் சித்தரத்தை

ஜூனில் பள்ளி திறந்தால், மூன்றாவது வாரம் எனக்குத் தொண்டை கட்டும். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு, நாளைக்கு ஆறு பீரியட், தலைக்கு மேல் கடகடவென்று ஓடும் ஃபேன். கத்தித்தான் பாடம் நடத்த வேண்டும். இருபது வருஷமாக என் கைவைத்தியம் ஒன்றுதான்: கடைவாயில் ஒரு துண்டு சித்தரத்தை. இந்தத் தடவை மதுரைக்குப் போகச் சோம்பல்பட்டு, ஆன்லைனில் பொடியாக ஒரு டப்பா வாங்கித் தொலைத்தேன்.

டப்பாவின் மேல் பச்சை இலைப் படம், பின்பக்கம் முழுக்கப் பெருமை. திறந்து மோந்தால் தச்சுப்பட்டறை வாசனை. வெந்நீரில் கலக்கினால் அடியில் மணல் மாதிரி தங்கியது. நாக்கில் சுருக்கென்று ஒன்றும் இல்லை. மூன்று நாள் குடித்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கீழமாசி வீதிக்குப் பஸ் ஏறினேன்.

வீதியை ஒட்டிய சந்தில் ஒரு நாட்டு மருந்துக் கடை. பெயர் போடவில்லை, கீழே ஒரு குறையும் சொல்லப்போகிறேன். ஆறடி அகலம் இருந்தால் அதிகம். சாக்கு மூட்டைகளைத் தாண்டிக் கை நீட்டித்தான் பொருள் வாங்க வேண்டும். "அண்ணாச்சி, அரத்தை நூறு கிராம்" என்றேன். "சித்தரத்தையா, பேரரத்தையாம்மா?" என்றார். அந்தக் கேள்விக்கே பாதி மார்க் போட்டுவிடலாம். சில கடைகளில் எது கைக்கு வருகிறதோ அதுதான் அரத்தை.

இரண்டையும் காகிதத்தில் வைத்துக் காட்டினார். சித்தரத்தை சுண்டுவிரல் தடிமன், செங்காவி நிறம், உடம்பெல்லாம் வளையம் வளையமாக வரி. பேரரத்தை கட்டைவிரலை விடப் பருமன், நிறமும் கொஞ்சம் வெளுப்பு. தாய்லாந்து சூப்பில் 'கா' என்று போடுவது இந்தப் பேரரத்தையைத்தான். அப்புறம் பாக்குவெட்டியால் சித்தரத்தையில் ஒரு சில்லு வெட்டி, "வாயில போட்டுப் பாருங்கம்மா" என்றார்.

முதலில் வெறும் கட்டை. அரை நிமிஷம் எச்சிலில் ஊறிய பிறகு அடிநாக்கில் காரம் கிளம்பியது. மிளகுக் காரம் மாதிரி குத்தாது, மெல்லப் பரவும். அதன் பின்னாலேயே மூக்கு வரை ஒரு குளிர்ச்சி ஏறியது. ஊட்டியில் விற்கும் நீலகிரித் தைலம் ஞாபகம் வந்தது. வந்ததில் ஆச்சரியமில்லை: அந்தத் தைலத்தில் பெருமளவு இருக்கும் சினியோல்தான் அரத்தை எண்ணெயிலும் இருக்கிறது. சித்தரத்தையிலுள்ள இன்னொரு பொருளான கேலங்கின், அரத்தையின் ஆங்கிலப் பெயரான கேலங்கலிலிருந்தே பெயர் வாங்கியது. தேனீக்கள் கூட்டில் பூசும் பிசினிலும் அது உண்டு. கேலங்கினை வைத்து ஆய்வுக்கூடங்களில் என்னென்னவோ சோதித்திருக்கிறார்கள். கண்ணாடிக் குடுவையில் நடந்ததை வைத்து எல்லா நோயும் தீரும் என்று டப்பாவில் அச்சடிப்பதுதான் எனக்கு ஆகாது. எனக்குத் தொண்டை கொஞ்சம் இளகுகிறது, அவ்வளவுதான். இரண்டு வாரம் தாண்டியும் குரல் கம்மினால் நான் டாக்டரிடம்தான் போவேன்.

பொடி ஏன் சப்பென்று இருந்தது என்பதும் பஸ்ஸில் திரும்பும்போது புரிந்தது. சினியோல் காற்றில் பறந்துவிடும் சரக்கு. கிழங்கு முழுசாக இருக்கும்வரை உள்ளே அடைந்து கிடக்கும். அரைத்து மாதக்கணக்கில் வைத்தால் எங்கே நிற்கும்? திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்தாலும் வாசனை அடுக்களைக்குப் போகும், டம்ளருக்கு வராது. கேலங்கினுக்கோ தண்ணீரில் எளிதாகக் கரையும் குணம் இல்லை. ஆக, சில்லை வாயில் ஒதுக்கி ஊறவிடுவதுதான் என் கட்சி. கஷாயம்தான் வேண்டும் என்றால் தட்டிப் போட்டு மூடி வையுங்கள். சின்னக் குழந்தைகளுக்குத் துண்டாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். எங்கள் அம்மா சந்தனக் கல்லில் இழைத்து நாக்கில் தடவுவார்.

இனி குறை. நூறு கிராம் எழுபது ரூபாய், விலையில் தகராறு இல்லை. ஆனால் வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால் நாலு துண்டில் வண்டுத் துளை. தட்டினால் மாவாகக் கொட்டியது. மூட்டையின் அடிச்சரக்கு போலிருக்கிறது. மேலே நல்லதாகக் காட்டிவிட்டு அடியிலிருந்து அள்ளியிருக்கிறார் மனுஷன். ஜிபே கிடையாது, சில்லறையும் கிடையாது. முப்பது ரூபாய் பாக்கிக்குப் பதில் அதிமதுரம் கட்டிக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை.

ஐந்துக்கு மூன்றரை. அடுத்த முறை ஐம்பது கிராம்தான், அதுவும் ஒவ்வொரு துண்டாக நானே பொறுக்கி. மீதி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஸ்டாஃப் ரூமுக்குப் போனது. நேற்றுப் பார்த்தால் பாட்டில் பி.டி. சாரின் மேஜையில் இருக்கிறது, அதில் பாதியைக் காணோம். அதிமதுரத்தை யாரும் தொடவில்லை.